மரகதத்தின் ருசி குடியிருந்த சந்தை

பவானியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த நாச்சிமுத்துவின் மனைவி மரகதத்துக்கு ஓர் ஐப்பசி மாதக் காய்ச்சலில் நாக்கிலிருந்து ருசி போய்விட்டது. போனது எங்கே போயிற்று என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர், தானாக வந்துவிடும் என்றார், நாட்டு மருந்துக் கடைக்காரர் வரலாம் என்றார், உறவுக்காரர்கள் வந்தால் வரட்டும் வராவிட்டால் போகட்டும், கைமணம் இருக்கிறதல்லவா என்றார்கள். காவிரியில் புதுத் தண்ணீர் வந்தது, போனது, மறுபடியும் வந்தது, ருசி மட்டும் வரவில்லை.

அதற்கு முன்பெல்லாம் மரகதம் குழம்பு கொதிக்கும்போது கரண்டியிலிருந்து ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு, வலது கண்ணை மூடிக்கொண்டு நக்கிப் பார்த்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி டக்கென்று ஒரு சத்தம் எழுப்பி, கையை இடுப்புச் சேலையில் துடைத்துக்கொள்வாள். வாசலோரக் கடையில் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும் நாச்சிமுத்துவுக்கு அந்த டக் கேட்டால் சோறு ஆகிவிட்டது என்று அர்த்தம். ருசி போன பிறகு அந்தச் சத்தம் நின்று, அந்த இடத்தில், கொஞ்சம் உள்ளே வரச் சொல்லி ஒரு குரல் வந்தது. “ஏனுங்க, சித்தெ வாங்க.”

அவர் கையைக் கழுவிக்கொண்டு போவார், உள்ளங்கையை நீட்டுவார், அவள் ஒரு சொட்டு விடுவாள், அவர் உப்புச் சொல்வார். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் தண்ணீர் குடிப்பதற்குத் தவிர அந்தச் சமையலறை நிலைப்படியைத் தாண்டாதவர் இப்போது அடுப்புக்கும் அஞ்சறைப்பெட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டு புளி போதுமா போதாதா என்று அவளோடு வாக்குவாதம் செய்தார், வாக்குவாதம் பேச்சாகியது, பேச்சு ரசம் கொதித்து அடங்கிய பிறகும் நீண்டது. அவள் சின்ன வயதில் பம்புசெட்டுத் தொட்டியில் முங்கிக் கிடந்த கதையை அவர் அந்த அடுப்படியில்தான் முதன்முதலாகக் கேட்டார். இதையெல்லாம் நினைத்துப் படுக்கும்போது அவருக்கு ஒரு கேள்வி வரும், பெண்டாட்டி ஊனத்தில் சந்தோஷப்படுகிறவன் என்ன மாதிரி மனுஷன் என்று. கேள்வி வந்ததும் புரண்டு படுப்பார்.

சிங்கப்பூரில் இருந்த மகள் கிருத்திகா இருவரையும் அங்கே வரவழைத்து, அங்கிருந்து தாய்லாந்தில் சியாங் மாய் ஊரைப் பார்த்து வாருங்கள் என்று அனுப்பியபோது, பயணத்தோடு ஒரு நாள் சமையல் வகுப்பையும் சேர்த்துவிட்டிருந்தாள். காது கேளாதவரைக் கச்சேரிக்கு அனுப்புகிறாளே என்று நாச்சிமுத்துவுக்கு வருத்தம். மரகதம் மட்டும், போவோம், நீங்க ருசி பாருங்க நான் கரண்டி பிடிக்கறேன் என்று சொல்லி, எங்கே போனாலும் கைப்பையில் எடுத்துப்போகும் பெருங்காய டப்பாவை இந்த ஊருக்கும் எடுத்து வந்திருந்தாள்.

வகுப்பு நடத்துகிற ஆரி என்ற பெண், முதலில் சந்தையைப் பார்த்தால்தான் சமையல் புரியும் என்று ஆளுக்கு ஒரு மூங்கில் கூடையைக் கொடுத்து, ஊருக்கு வெளியே ஆற்றோரத்தில் நடக்கும் காலைச் சந்தைக்கு அழைத்துப் போனாள். அவளுடைய ஆங்கிலமும் நாச்சிமுத்துவின் ஆங்கிலமும் ஒரே வண்டியில் பூட்டிய குட்டை மாடும் நெட்டை மாடும் போல இழுத்துக்கொண்டு போயின. மரகதத்துக்கு மொழி தேவைப்படவில்லை. பேரரத்தையைக் கண்டு இது இருமலுக்கு இடித்துக் கொடுப்பதல்லவா, இங்கே குழம்புக்குப் போடுகிறார்களா என்றாள், வாழையிலையில் குவித்திருந்த சுண்டைக்காயைக் கண்டு விருந்துக்கு வந்த ஒறம்பரையைக் கண்டதுபோல நின்று ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள், எலுமிச்சைப் புல்லை முகர்ந்து, ருசியோடு மணமும் போன மூக்கோடு, பச்சையா இருக்குது என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் நாச்சிமுத்து அதைக் கவனித்தார். வாத்து முட்டை விற்கிறவள் சூப்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். வாழைப்பூ விற்கிறவரும் அப்படியே. மீன் தட்டின் பின்னால் உட்கார்ந்திருந்த தடித்த பெண்மணி கிண்ணத்தில் இருந்த எதையோ உள்ளங்கையில் ஊற்றி, வலது கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைத் தட்டினாள். சந்தை முழுக்கத் தவளைகள்போல டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த ஊரில் கரண்டியால்தானே ருசி பார்ப்பார்கள் என்று அவர் ஆரியிடம் கேட்க, அவள், மற்ற சந்தைகளில் அப்படித்தான், இவர்களை உள்ளங்கை நக்கிகள் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள், எல்லாம் பா லமாயிடமிருந்து தொற்றியது என்றாள். பா என்றால் பெரியம்மா. லமாய் சந்தையின் கோடியில், தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ் போட்டுத் தருகிற கடை வைத்திருந்தாள்.

கோடிக்குப் போனார்கள். ஒல்லியான, நரைத்த கொண்டை போட்ட ஒரு பெண் கொதிக்கும் அண்டாவிலிருந்து கரண்டியை எடுத்து, ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு, வலது கண்ணை மூடி, நக்கி, டக்கென்று தட்டி, கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

மரகதம் கூடையைக் கீழே வைத்தாள். “ஏனுங்க,” என்றாள், “அது என்ற நாக்குங்க, என்னோடது.”

அவள் சொன்னதை நாச்சிமுத்து ஆரிக்குச் சொல்ல, ஆரி லமாய்க்குச் சொல்ல, லமாய் அடுப்பைத் தணிக்க, மீன்காரி சோம்ஜித் அங்கிருந்தே எட்டிப் பார்த்து, ஒருவழியாக வந்தாளா, நான் பர்மாக்காரியாக இருக்கும் என்றல்லவா நினைத்தேன் என்றாள். சந்தையில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அது வந்த நாளிலிருந்தே அதற்கு ஒரு சொந்தக்காரி எங்கோ இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும், யார் என்பதில்தான் தகராறு.

அது வந்த கதையை ஆளுக்கொரு வாக்கியமாகச் சொன்னார்கள். லமாய் அதற்கு முன்பு துணி துவைப்பதுபோலச் சமைக்கிறவள்; சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டார்கள், இல்லை என்றும் சொல்லமாட்டார்கள், பசித்தது தின்றோம் என்று போய்விடுவார்கள். ஒரு மழைக்கால முடிவில் அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, என் வாயில் இன்னொருத்தி இருக்கிறாள் என்றாள். அன்றிலிருந்து வெங்காயத்தைக் கருக வதக்கினாள், மல்லியை வறுத்து இடித்தாள், சர்க்கரையைக் குறைத்தாள், பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஆனால் வந்தவளுக்குப் பிடிவாதம் அதிகம். பன்றிக்கறியைத் தொடமாட்டாள், வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் கோழிகூட இறங்காது. முதல் அமாவாசையில் லமாய் வாந்தி எடுத்தாள். அடுத்த அமாவாசைக்கு டோஃபு வியாபாரி தானாகவே இரண்டு கூடை அதிகம் கொண்டுவந்து வைத்தான், சோம்ஜித் அன்றைக்கு மீனைக் குறைத்துப் பிடிக்கச் சொன்னாள், கோயில் பிக்குகள் அன்றைய பிச்சையை லமாய் கடையிலிருந்தே ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் முழுக்கவே அவள் கவிச்சி தொடாமல் இருந்தபோது சீனர்களின் சைவத் திருவிழா கூடவே வந்ததால் அதில் சேர்த்துவிட்டார்கள்.

“பொரட்டாசி,” என்றாள் மரகதம் மெதுவாக. 

ஒன்று மட்டும் தீரவில்லை என்று லமாய் வாயைத் திறந்தாள். எதைச் சமைத்தாலும் கடைசியில் நாக்கு, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்கும். இந்தச் சந்தையில் இருக்கிற இலை வேர் பட்டை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டாள், அந்த ஒன்று எது என்று தெரியவில்லை. மரகதம் கைப்பையிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகையை அண்டாவில் போட்டுக் கலக்கி, கரண்டியை நீட்டினாள். லமாய் உள்ளங்கையில் விட்டு நக்கினாள். வலது கண் மூடியது, இடது கண்ணும் மூடியது, அவள் அப்படியே தன் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து அழுதாள், வாசனை பூக்கடைவரை போய் அங்கிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் சாட்சி யாரும் கேட்கவில்லை.

ஒரு மனுஷ உடம்பில் முப்பத்திரண்டு குவான்கள் இருக்கின்றன, உயிரின் துண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம், பயத்திலோ காய்ச்சலிலோ ஒன்று கழன்று போய் எங்கேயாவது தங்கிவிடும், அதற்குச் சோறு வைத்துக் கூப்பிட்டு மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினால் வந்துவிடும் என்பது அந்த ஊர் வழக்கம். கன்றுக்குட்டி வழி தவறினால் தேடிப் பிடிப்பதுபோல அவர்களுக்கு அது ஒரு சாதாரண வேலை. சந்தை கலைந்ததும் மத்தியானம் ஆரியின் சமையல் கூடத்திலேயே கூப்பிட்டுவிடலாம் என்று பூக்காரக் கிழவர் லுங் கம் சொன்னார், நூல் கட்டுகிறவர் அவர்தான். கூப்பிட வேண்டியவர் யார் என்று நாச்சிமுத்து கேட்டார். அவள் கையால் அதிகம் சாப்பிட்டவர் யாரோ அவர் என்றார் கிழவர். “குவானுக்குக் காது கிடையாது. வாய் சொல்வது அதற்குக் கேட்காது. மனசு சொல்வதுதான் கேட்கும்.”

லமாய் தடை சொல்லவில்லை. தங்க வந்த பிள்ளையைப் பெற்றவள் வந்து கேட்டால் அனுப்பித்தானே ஆக வேண்டும் என்றாள். ஆனால் கூடையில் சாமான்களை எடுத்து வைக்கும்போது அவள் வைத்த கரண்டியையே எடுத்து மறுபடியும் வைத்ததை நாச்சிமுத்து பார்த்தார். நாளைக்கு அவள் அண்டாவின் முன்னால் யார் வந்து உட்காருவார்கள்?

வகுப்பு நடந்தது. வயலுக்கு நடுவே ஓலைக்கூரை போட்ட கூடம், வரிசையாக அடுப்புகள், கல் உரல்கள். வகுப்புக்கு வந்திருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் இன்றைக்கு ஏதோ விசேஷம் என்று சந்தோஷமாக ஏப்ரன் கட்டிக்கொண்டார்கள். பச்சை மிளகாயும் எலுமிச்சைப் புல்லும் பேரரத்தையும் இறால் விழுதும் சேர்த்து இடிக்க வேண்டும், ஒவ்வொரு படியிலும் ருசி பார்க்க வேண்டும், புளிப்பு இனிப்பு உப்பு காரம் நான்கும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும், அளவு என்று ஒன்று கிடையாது, நாக்குதான் அளவு என்று ஆரி சொன்னாள். மரகதம் இடித்தாள். அம்மியும் ஆட்டுக்கல்லும் பழகிய தோள், உலக்கை ஒரே சீராக விழுந்தது. தேங்காய்ப்பாலை ஊற்றிச் சுண்டைக்காயைப் போட்டுக் கொதி வந்ததும் அவள் வழக்கம்போலத் திரும்பினாள். “ஏனுங்க, சித்தெ வாங்க.”

நாச்சிமுத்து பக்கத்தில்தான் நின்றார், இருந்தாலும் அவள் கூப்பிட்டாள், அவர் ஓர் அடி எடுத்து வைத்துப் போனார். உள்ளங்கையில் விழுந்த சொட்டு சுட்டது. உப்புக்கு மீன் சாறு கொஞ்சம் வேண்டும் என்றார், அவள் விட்டாள், இன்னும் கொஞ்சம் என்றார், விட்டாள். இதுதான் கடைசித் தடவை என்று அவருக்குத் தோன்றியது. நாளைக்கு அவள் தன் கையிலேயே சொட்டை விட்டுக்கொள்வாள், டக்கென்று தட்டுவாள், அவர் வாசலோரத்தில் கம்பி சுற்றிக்கொண்டு அதைக் கேட்பார், அவ்வளவுதான். பம்புசெட்டுத் தொட்டிக் கதையின் மிச்சம் என்ன என்று எந்தச் சாக்கில் உள்ளே போய்க் கேட்பது?

மத்தியானம் சந்தையே வந்துவிட்டது. பாய் விரித்து நடுவில் சோறும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் வைத்தார்கள், பக்கத்தில் மரகதம் செய்த பச்சைக் குழம்பை வைத்தார்கள், பெண்கள் இருவரும் எதிரெதிரே உட்கார, லுங் கம் ஒரே நூலின் ஒரு முனையை லமாயின் மணிக்கட்டிலும் மறு முனையை மரகதத்தின் மணிக்கட்டிலும் கட்டினார். பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்துத் தலையசைத்தார்.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, “மரகதத்தின் ருசியே, நீ இருந்த இடத்துக்குத் திரும்பி வரவும்” என்றார். மின்வாரிய அலுவலகத்தில் மனு படிப்பதுபோல இருந்தது. நூல் அசையவில்லை. லமாய் குழம்பை நக்கிப் பார்த்து இன்னும் இங்கேதான் இருக்கிறாள் என்றாள். அவர் மறுபடியும் கூப்பிட்டார், இந்தத் தடவை சத்தமாக. வரவில்லை. சோம்ஜித் ஏதோ சொல்ல, பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று நாச்சிமுத்து கேட்டார். ஆரி தயங்கிவிட்டு, “இவர் வாசலில் நின்றுகொண்டு கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு வா வா என்கிறார் என்றாள்” என்றாள்.

அவருக்குக் காது மடல் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டார். மரகதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது ஆரி மொழிபெயர்ப்பதற்கு அல்ல என்பதுபோல, தணிந்த குரலில், தமிழில், மரகதம் பேசினாள்.

“வர வேண்டாம்னு நெனச்சுட்டுக் கூப்பிட்டா எப்பிடிங்க வரும்?”

அவர் பாயின் ஓரத்தை நிமிண்டினார்.

“எனக்குத் தெரியுமுங்க. நான் கூப்பிடறதுக்கு முன்னாலயே நீங்க கை கழுவீட்டு உக்காந்திருக்கறது தெரியாதுங்களா.”

“அம்மிணி,” என்றார் அவர், “அது வந்துட்டா அப்பறம் என்னெ எதுக்குக் கூப்புடப் போற?”

மரகதம் சிரித்தாள். “உங்களெ உப்புப் பாக்கவா கூப்பிட்டேன்? உங்க உப்பு எப்பவுமே ஒரு கல்லு அதிகமுங்க.”

“நாக்கில்லாம உனக்கு அது எப்பிடித் தெரியும்?”

“வந்த ஒறம்பரெ எத்தனெ சொம்பு தண்ணி குடிக்கறாங்கன்னு பாக்கறதுக்கு நாக்கு வேணுமாக்கும்.”

ஆரிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் பாயில் இருந்த அத்தனை பேரும் புரிந்ததுபோலத் தலையாட்டினார்கள். நாச்சிமுத்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிடித்ததைச் சமைத்து முடித்துவிட்டு மண்ணைத் தின்பதுபோல அவள் மென்று விழுங்கிய சோற்றையெல்லாம் அவர் எதிரே உட்கார்ந்துதான் பார்த்திருந்தார், பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேளைக்குக் கை கழுவியிருந்தார். மாம்பழம் நறுக்கி அவருக்கு நீட்டிவிட்டுத் தான் எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போவாளே, அது நினைவுக்கு வந்தது. அவருக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கூப்பிடுவதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல், அதுவும் அவருடையதல்ல, அவள் அவருக்குக் கொடுத்தது. அதைக் கொடுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. கையில் ஒன்றும் மிஞ்ச வேண்டாம் என்று அவர் உள்ளங்கையை விரித்து, அந்தப் பச்சைக் குழம்புக்கு முன்னால் நீட்டி, அவள் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

“ஏனுங்க, சித்தெ வாங்க.”

நூலில் எறும்பு ஊர்வதுபோல ஏதோ ஊர்ந்தது. வெள்ளை நூல் லமாயின் பக்கத்திலிருந்து இலேசாக மஞ்சளாகி, மஞ்சள் நகர்ந்து, நடுவில் சற்று நின்று, ஊர் தாண்டும்போது திரும்பிப் பார்க்கிறவளைப்போல அங்கேயே கொஞ்சநேரம் இருந்துவிட்டு, மரகதத்தின் மணிக்கட்டில் போய் மறைந்தது. லமாய் ஒரு பெருமூச்சு விட்டாள். குழம்பை நக்கிப் பார்த்து, போய்விட்டாள் என்றாள், வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள். சோம்ஜித் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மரகதம் கரண்டியை எடுத்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டாள். வலது கண்ணை மூடினாள். டக் என்று சத்தம் கேட்டது. அவள் அந்தக் கண்ணைத் திறக்கவேயில்லை, மூடிய இமைக்குக் கீழிருந்து தண்ணீர் இறங்கியது, எலுமிச்சைப் புல்லைக் கொண்டுவரச் சொல்லி முகர்ந்தாள், சுண்டைக்காயைக் கடித்தாள், வாழைப்பழத்தை உரித்து முழுசாகத் தின்றாள், வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள்.

கிளம்புமுன் மரகதம் பெருங்காய டப்பாவை லமாயின் கையில் வைத்து மூடி, மல்லியை எந்த நிறம்வரை வறுக்க வேண்டும், புளித்தண்ணீரை எப்போது ஊற்ற வேண்டும் என்று பாத்திரத்தையும் தீயையும் காட்டிக்காட்டி, வெயில் சாய்கிறவரை அவள் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தாள். லமாய்க்கு வேறு கவலையிருந்தது. அமாவாசைக்கு இனிமேல் கோழி போடலாமா என்று கேட்டாள். போடலாம் என்றாள் மரகதம்.

ஆனால் போடவில்லையாம். ஆரி பிறகு கிருத்திகாவுக்குச் சொல்லி, கிருத்திகா பவானிக்குச் சொன்ன செய்தி இது. டோஃபு வியாபாரி பழக்கத்தில் கூடுதல் கூடையைக் கொண்டுவந்துவிட்டான், பிக்குகளும் பழக்கத்தில் வந்துவிட்டார்கள், அவர்கள் எல்லாரையும் திருப்பி அனுப்ப முடியாது என்று லமாய் அமாவாசையை அப்படியே வைத்துக்கொண்டாள். முதல் சில நாட்கள் குழம்பு சரியில்லை, சந்தைக்காரர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள், சொல்லச் சொல்ல நன்றாக ஆகிவிட்டது. நாக்கு போனாலும் கை மறக்கவில்லை. இப்போதும் அந்தச் சந்தையில் எல்லாரும் உள்ளங்கையில் விட்டுத்தான் ருசி பார்க்கிறார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்கிறார்கள்.

பவானிக்குத் திரும்பிய மறுவாரம் நாச்சிமுத்துவின் அண்ணன் வீட்டிலிருந்து ஒறம்பரை வந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு கொதிக்கிற வாசனை வாசலுக்கு வந்தது, பின்னாலேயே டக் என்ற சத்தம் வந்தது. நாச்சிமுத்து கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை. சோறு ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார், சரியாகத்தான் இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டார், சுற்றைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“ஏனுங்க, சித்தெ வாங்க.”

கை கழுவ மறந்து எழுந்து, பாதி வழியில் திரும்பிக் கழுவிக்கொண்டு போனார். மரகதம் அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, தெரியாதவளைப்போல முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நக்கிப் பார்த்தார், யோசித்தார், இன்னொரு கல் உப்புப் போடலாம் என்றார்.

அவள் உப்புச் சாடியைத் திறந்து, ஒரு கல் எடுத்துப் போட்டாள். அன்றைக்கு ஒறம்பரைகள் நிறையத் தண்ணீர் குடித்தார்கள்.